முகாமை மூடும் தேதி எனக்குத் தெரியும்

1

பிரியா, கௌதம்,

இன்று காலை என் கட்டிலுக்கு நானே சீட்டு ஒட்டினேன். சிவப்புச் சீட்டு. சிவப்பு என்றால் பழைய இரும்புக்குப் போக வேண்டியது. பச்சை என்றால் கப்பலேறிப் படைக்காரர்களின் நாட்டுக்குத் திரும்ப வேண்டியது. மஞ்சள் என்றால் இந்த நாட்டு அரசாங்கத்திடம் விட்டுவிட்டுப் போக வேண்டியது. மூன்று நிறச் சீட்டுகளும் கட்டுக் கட்டாக என் மேசையில் கிடக்கின்றன. கட்டிலுக்கு ஒட்டி, நோட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே கட்டிலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அப்பா என்ன வேலை செய்கிறேன் என்று உங்களிடம் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. பாலைவனத்தில் வேலி போட்ட ஒரு ராணுவ முகாம் இது. அந்த ராணுவம் இந்த நாட்டுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை. வேறொரு பெரிய நாட்டின் படை இங்கே இடம் வாங்கித் தங்கியிருந்தது. நாடுகளின் பெயரை நான் எழுதவில்லை. வெளியே சொல்லமாட்டோம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். படைக்குச் சமைக்க, துணி துவைக்க, கழிப்பறை கழுவ, சாமான் பார்க்க ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி ஆள் வைத்திருக்கிறது. நான் அந்தக் கம்பெனியின் ஸ்டோர் கிளார்க். ராஜபாளையத்து மில் ஸ்டோரில் நூல் கோன்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், இங்கே மெத்தைக்கும் போர்வைக்கும் எழுதுகிறேன். துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை.

கௌதம், ஆறாம் வகுப்பில் சேரும்போது படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நீ 'ராணுவம்' என்று எழுதினாய். அம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அன்றைக்கே போன் செய்து, "இல்லப்பா, ஸ்டோர் கிளார்க்னு எழுது" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை உனக்குத் தெரியும். தெருவுக்கு நாலு வீட்டில் ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டேன். யாருக்கும் நஷ்டமில்லையே என்று நினைத்தேன். நஷ்டம் ஒருத்திக்கு ஆனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஊரில் வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

2

முதலில் ஒரு ராணுவ முகாமை எப்படி மூடுவார்கள் என்று சொல்கிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது விளங்காது.

ஊரில் ஒரு மில்லை மூடுவது ஒரு நாள் வேலை. கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, வாட்ச்மேனை உட்கார வைத்துவிட்டால் முடிந்தது. ராணுவ முகாமை அப்படிப் பூட்ட முடியாது. முதலில், இந்த இடம் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அவர்கள் ஊரில் ஒரு காகிதம் எழுத வேண்டும். பிறகு மூடுவதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். மூடுவதற்கு என்ன பணம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வருடக்கணக்காக டீசல் கொட்டி ஊறிய மண்ணை அள்ளி வேறு மண் போட வேண்டும். பூமிக்குள் ஓடும் குழாய்களைத் தோண்டி எடுக்க வேண்டும். குப்பை எரித்த பள்ளங்களைச் சுத்தம் செய்து மூட வேண்டும். சாமான்களைக் கப்பலில் ஏற்ற வேண்டும். எங்களைப் போன்றவர்களை ஊருக்கு அனுப்ப விமான டிக்கெட் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் அவர்கள் பார்லிமெண்டு வருடா வருடம் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காத வருடத்தில் முகாம் அப்படியே நடக்கும். லாரி வாடகைக்கு வழியில்லாமல், காலி செய்ய வேண்டிய வீட்டிலேயே மாதா மாதம் வாடகை கொடுத்துக் குடியிருப்பது மாதிரி.

இங்கே 'மூடுகிறோம்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'டிரான்சிஷன்', அதாவது மாற்றம், என்பார்கள். அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு ஏதோ பிரமோஷன் வருகிறது என்று நினைத்து, மேனேஜருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மேனேஜர் அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கியது. மேலே மாதங்கள், பக்கவாட்டில் பிரிவுகள். லாண்டரி, சமையல், ஸ்டோர், தண்ணீர், வேலி. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வண்ணக் கோடு. கோடு எந்த மாதத்தில் நிற்கிறதோ அந்த மாதத்தில் அந்தப் பிரிவு முடியும். லாண்டரியின் கோடுதான் எல்லாவற்றிலும் குட்டை. ஸ்டோரின் கோடு நீளம். சாமானைக் கணக்கெடுத்து ஒப்படைக்கக் கடைசி வரை ஆள் வேண்டுமே. வேலிக்கு மட்டும்தான் எனக்குப் பிறகு முடிவு.

பணம் வராததால் அந்தக் கோடுகளை இரண்டு தடவை அழித்துத் தள்ளிப் போட்டார்கள். சாமான் பட்டியல் என் கையில் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். லாண்டரி ஆட்களுக்கு யாரும் காட்டவில்லை.

3

லாண்டரியில் முனீஸ் இருந்தான். கூமாப்பட்டிப் பையன். அப்பா இல்லை, அம்மா மட்டும். உங்கள் மம்சாபுரம் மாமாவின் சிநேகிதர் வழியாக என்னிடம் வந்தான். நான்தான் கம்பெனியில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். வந்த முதல் வாரத்தில் வெயில் தாங்காமல் மூக்கில் ரத்தம் வடிந்து என் அறையில் படுத்திருந்தான். பிளவக்கல் அணைத் தண்ணீரில் குதித்து வளர்ந்த உடம்புக்கு இந்த அனல் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பழகிவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் ரசம் வைப்பான். அவன் ரசத்துக்கு நேபாளக்காரர்கள்கூட டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அவன் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் பேசும்போதெல்லாம், இங்கே எல்லாமே அண்ணன்தான் என்று அம்மாவிடம் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மறுத்ததில்லை.

ஒருநாள் துவைத்த போர்வை மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, கேம்ப்ப மூடப்போறாகன்னு டிரைவருங்க பேசிக்கிடுதாக. நெசமா?"

அன்று காலையில்தான் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். லாண்டரிக்கு இன்னும் பத்து மாதம்.

"டிரைவருங்களுக்கு வேற சோலி என்ன," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

4

அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு போன் வந்தது.

நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டார் எப்படி விசாரிப்பார்கள் என்று பிரியாவுக்குத் தெரிந்திருக்கும். கௌதமுக்குத் தெரியாது. பையனின் குடும்பத்தைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் கேட்பார்கள். பையன் வெளியூரில் வேலை பார்த்தால், கூட வேலை பார்க்கிற ஒருவரைக் கண்டுபிடித்து அவரிடம் கேட்பார்கள். அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அந்த இடத்தில் நிற்பவர் பொய் சொல்லமாட்டார் என்பது ஒரு நம்பிக்கை, ஏனென்றால் அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்.

பேசியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்ச்சாமி அண்ணாச்சி. ரிட்டயர்டு ஹவில்தார். அவருடைய ஒரே மகள் முத்துச்செல்வியை முனீஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். முனீஸின் அம்மா என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"பையனப் பத்தி ஊர்லயே விசாரிச்சுட்டேன் தம்பி. எல்லாரும் நல்லாத்தான் சொல்லுதாக. ஒங்கள்ட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தக் கேம்ப் நிரந்தரமா?"

ஏன் கேட்கிறார் என்பதையும் அவரே சொன்னார். முத்துச்செல்வி போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தாள். எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் பாஸ். பயிற்சிக்கு வரச்சொல்லும் தபால்தான் பாக்கி. ஆனால் முனீஸின் அம்மாவுக்குக் காக்கிச்சட்டை போட்ட மருமகள் வேண்டாமாம். ராத்திரி டியூட்டி, பந்தோபஸ்து என்று ஊர் ஊராக அலைவது பிடிக்காதாம். பையன் வேலை நிரந்தரம் என்றால் அந்த நிபந்தனைக்குச் சம்மதித்துப் பரிசம் போடுவது, இல்லையென்றால் சம்பந்தத்தை விட்டுவிட்டு மகளைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார்.

"இந்தத் தடவ விட்டா அவளுக்கு வயசு தாண்டிரும் தம்பி. பொறவு எழுத முடியாது. அதனாலதான் ஒங்க வாயால கேட்டுக்கிடுதேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கேட்க முடியாது. எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

நான் ஸ்டோர் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே முனீஸ் போர்வை மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் பேசுகிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் காதுவரை சிவந்திருந்தது.

"நிரந்தரம்தான் அண்ணாச்சி," என்றேன். "மிலிட்டரி கேம்ப்ப யாரு மூடப்போறா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதைத்தான் தானும் வீட்டில் சொன்னதாகச் சொன்னார். "பதினேழு வருசம் சர்வீஸ் பாத்தேன் தம்பி. அம்புட்டு நாளும் வெள்ளக்காரன் கட்டுன கேம்ப்புலதான் படுத்து எந்திரிச்சேன். அவன் போயிட்டான், கேம்ப் இருக்கு."

நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர் எவரும் அப்படித்தான் நினைப்பார். அவர் பார்த்த முகாம்கள் எதையும் யாரும் மூடியதில்லை. அது அவர் தப்பில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அதற்காகத்தான் என்னிடம் கேட்டார்.

5

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது. ஆனால், "உறுதியாச் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. அவர் புரிந்துகொண்டிருப்பார். இரண்டாவது காரணம், தேதிகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் மூடவே மாட்டார்கள் என்று நம்பினேன் என்பது. பாதி உண்மை. முழுக்க நம்பியிருந்தால் அந்த வாரமே என் அறைக்குப் புதிய ஃபேன் வாங்கியிருப்பேன். வாங்காமல் இருந்தேன்.

மூன்றாவது, முனீஸ் எதிரே நின்றான் என்பது. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது இதுதான். முகாம் மூடப்போகிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது மம்சாபுரம் மாமா காதுக்குப் போகும். அங்கிருந்து நம் வீட்டுக்கு வரும். அம்மா போன் செய்து, "அப்ப ஒங்க வேலை?" என்று கேட்பாள். தெருவில் கேட்பார்கள். கௌதமின் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். நான் மிலிட்டரிக்காரன் இல்லை, கூலிக்கு மெத்தை பார்க்கிறவன் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். என் பவிசைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்ணின் தபாலை நான் கிழித்துப் போட்டேன். கையால் கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போட்டோவில்தான் பெண்ணைப் பார்த்தேன். கல்யாணம் முடிந்த மாதமே லாண்டரியின் கோட்டை இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அம்மாவிடம் காரணம் சொல்லாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னேன். உங்களுக்கு நினைவிருக்காது.

பிறகு ஒரு வருடம் திடீரென்று பணத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். அதிலும் ஒரு நிபந்தனை, அந்தப் பணத்தை அந்த வருடத்துக்குள்ளேயே செலவு செய்துவிட வேண்டும். இத்தனை வருடம் ஆமை மாதிரி நகர்ந்தவர்கள் அன்றைக்கு ஓட ஆரம்பித்தார்கள். கோடுகள் எல்லாம் சுருங்கின. லாண்டரிக்கு ஆறே வாரம்.

முனீஸ் ஊருக்குப் போன அன்று தன் மெத்தை, தலையணை, இரண்டு போர்வையை என் கவுண்டரில்தான் ஒப்படைத்தான். திரும்பப் பெற்றதாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"ஒங்களுக்கு எப்பண்ணே?" என்று கேட்டான்.

எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்றேன்.

"நல்லதுண்ணே. ஒருத்தராச்சும் இருங்க."

அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குக் கோபப்படத் தெரியவில்லை. எனக்கு முன்பே தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியாது.

6

இரண்டு மாதத்துக்கு முன் நான் லீவில் வந்தது உங்களுக்குத் தெரியும். வந்த நாலாம் நாள் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு மில்லுக்குப் போனேன். நான் வேலை பார்த்த மில் இல்லை, என் கூட வேலை பார்த்தவர்கள் இப்போது அங்கே இருக்கிறார்கள். கேட்டில் நீலச் சட்டையும் பேண்ட்டும் போட்ட ஒரு பெண் செக்யூரிட்டி. ஷிப்டு முடிந்து வெளியே வரும் பெண்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டை நகர்த்திப் பேரும் ஊரும் எழுதச் சொன்னாள். எழுதினேன். எங்கிருந்து வருகிறேன் என்ற இடத்தில், இருக்கிற பழக்கத்தில், வெளிநாட்டின் பேரை எழுதிவிட்டேன்.

அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முனீஸோட இருந்த அண்ணனா?"

போட்டோவில் பட்டுச்சேலையும் மாலையுமாகப் பார்த்த முகம். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள். முனீஸ் லோடு ஆட்டோ ஓட்டுகிறானாம். கூமாப்பட்டியிலிருந்து தேங்காயும் மாங்காயும் ஏற்றி இறக்குகிறானாம். ஒரு பெண் குழந்தை. அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இவளுடைய அப்பா வீட்டில் வளர்கிறது, இவளும் அங்கிருந்துதான் பஸ்ஸில் வந்து போகிறாள், ஞாயிற்றுக்கிழமை லீவு. எல்லாவற்றையும் சாதாரணமாகத்தான் சொன்னாள். காக்கி வேண்டாம் என்ற மாமியார் இந்த நீலத்துக்கு எப்படிச் சம்மதித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

அதற்குள் பின்னால் வரிசை கூடிவிட்டது. "உள்ள போங்கண்ணே," என்றாள். அடுத்த பெண்ணின் பையைத் திறக்கச் சொன்னாள். குரலில் ஒரு அதிகாரம் இருந்தது. சத்தம் போடாத அதிகாரம். அது யூனிஃபார்மால் வந்ததில்லை.

உள்ளே போய் யாரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. திரும்பும்போது வேறு கேட் வழியாக வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். கௌதம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "ம்" என்றான். பிரியா மரியாதையாகக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், விருந்தாளிக்கு வைப்பது மாதிரி. குற்றம் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறவனிடம் பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள். போனில் என் முகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முழு ஆள் கொஞ்சம் அதிகப்படிதான்.

7

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பிரியாவையும் கூட்டிக்கொண்டேன். துணி எடுக்க வேண்டும் என்று சொன்னது பொய். தனியாகப் போகத் தைரியமில்லை. பெண்பிள்ளை பக்கத்தில் இருந்தால் பால்ச்சாமி அண்ணாச்சி கை நீட்டமாட்டார் என்றும் ஒரு நினைப்பு. இதையும் எழுதிவிடுகிறேன்.

பிரியா, நீ பார்த்ததுதான். கௌதமுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

அண்ணாச்சி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். எழுபதை நெருங்கினாலும் முதுகு வளையவில்லை. நாற்காலி போட்டார், ஃபேனை என் பக்கம் திருப்பினார், பிரியாவிடம் என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். முத்துச்செல்வி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள் நிலைப்படியில் நின்றாள். டீ ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க போன்ல கேட்டப்ப, கேம்ப்ப மூடப்போறாகன்னு எனக்குத் தெரியும். எந்த மாசம்னு தெரியும். தெரிஞ்சேதான் நிரந்தரம்னு சொன்னேன்."

பிரியா என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

 அண்ணாச்சி, நான் பயந்ததற்கு நேர்மாறாக, என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார். ராணுவத்தில் ரகசியம் ரகசியம்தான், கீழே இருப்பவன் சொல்ல முடியாது என்றார். தனக்கும் சர்வீஸில் அப்படி எத்தனையோ நடந்திருக்கிறது என்றார்.

"நீங்க சொன்னதுனால ஒண்ணும் நடக்கல தம்பி. நான் முன்னமே முடிவு பண்ணிட்டேன். நீங்க இல்லன்னு சொல்லிருந்தாலும் குடுத்துத்தான் இருப்பேன். மனசுல வச்சிக்கிடாதீக."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்குவது மாதிரியும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டும் என்று இருந்தது. நம்பிவிட்டு எழுந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது.

முத்துச்செல்வி நிலைப்படியிலிருந்து பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இல்லப்பா. இவிய இல்லன்னு சொல்லிருந்தா நீங்க நிறுத்திருப்பீக."

"ஏட்டி, நீ உள்ள போ," என்றார் அண்ணாச்சி.

அவள் போகவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா போன ஸ்பீக்கர்ல போட்டுத்தாண்ணே பேசுனாக. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க இல்லன்னு சொல்லணும்னு நெனச்சிக்கிட்டே நின்னேன்."

திட்டவில்லை, அழவில்லை. முனீஸைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் நல்லவன், அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் போனில் நான் யோசித்த அந்த இரண்டு மூன்று விநாடி இருக்கிறதே, இங்கே முனீஸ் மட்டும்தான் காத்துக்கொண்டிருந்தான் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அந்தப் பக்கமும் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு வேண்டிய பதில் உண்மையான பதில். நான் வாயைத் திறந்து அதைச் சொன்னால் போதும். சொல்லக் காசு பணம் வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம்.

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்கு அந்தச் சம்பந்தத்தில் மனசில்லை என்பது அன்றுதான் அவருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவர் என்னிடம் கேட்டார், நான் பொய் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள்தான் வந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

8

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பிரியா, நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். மம்சாபுரம் விலக்கு தாண்டியது. வெளியே பார்த்தபடியே கேட்டாய்.

"ஒங்க கேம்ப் முழுசா என்னைக்குப்பா மூடுது? எங்ககிட்டயும் தெரிஞ்சேதான் சொல்லாம இருக்கீகளா?"

கண்டக்டர் வந்தார், டிக்கெட் வாங்கினேன். சில்லறை எண்ணினேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. இறங்கும் அவசரத்தில் நான் பதில் சொல்லவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். நீ திரும்பக் கேட்கவில்லை. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டாய், முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பதில் சொல்கிறேன்.

ஸ்டோரின் கோடு வருகிற பங்குனியோடு முடிகிறது. டீசல் ஊறிய மண்ணை அள்ளுவதற்கான இரண்டாவது தவணைப் பணம் இன்னும் வரவில்லை. அது வராவிட்டால் ஆடி வரை இழுக்கலாம். வந்துவிட்டால் தைக்குள்ளேயே எங்களை அனுப்பிவிடுவார்கள், ஆறு வாரம்தான் அவகாசம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இல்லை. வேறு எங்கேயும் வேலை சொல்லி வைக்கவும் இல்லை. இந்தத் தேதி எனக்குப் போன வருடமே தெரியும். அம்மாவுக்கு இதுவரை தெரியாது. மாடியில் ரூம் எடுப்பதைப் பற்றி அவள் பேசியபோதெல்லாம் நான், பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொன்னது இதனால்தான்.

அம்மாவிடம் நானே இன்று மதியம் போனில் சொல்லிவிட்டுத்தான் இதைத் தபாலில் போடப் போகிறேன். அதனால் நீங்கள் பயந்துகொண்டு மறைக்க வேண்டியதில்லை. மம்சாபுரம் மாமா கேட்டால் சொல்லுங்கள். தெருவில் யார் கேட்டாலும், எந்த மாதம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.